எங்கே பார்த்தாய்? – பலர் கூடித் தொகுத்த நூல்களும் அவற்றைச் சரிபார்த்தவர்களும்



போன வருடம் ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவர் பள்ளி இதழுக்காக எங்கள் பள்ளியின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு வந்தார். பள்ளி 1937இல் தொடங்கப்பட்டது என்று முதல் வரியிலேயே இருந்தது. எனக்கு இடித்தது. அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் முதல் மாணவரின் பெயர் 1931இல் பதிவாகியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"எங்கே பார்த்தாய்?" என்று கேட்டேன்.

"விக்கிப்பீடியால டீச்சர். அதுல மட்டும் இல்ல, நாலு வெப்சைட் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் 1937னுதான் போட்டிருக்கு."

பையனைக் குறை சொல்ல வழியில்லை. ஒரே இடத்தை நம்பாதே, பல இடங்களில் ஒப்பிட்டுப் பார் என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தானே!

அன்று மாலை நானும் உட்கார்ந்து தேடினேன். நான்கு தளங்களிலும் ஆண்டு மட்டுமல்ல, வாக்கியமே ஒன்றாக இருந்தது. ஓர் ஒற்றுப்பிழைகூட நான்கிலும் அதே இடத்தில். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பழைய திருத்தங்களைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தால், யாரோ ஒருவர் ஒருநாள் எந்தச் சான்றும் காட்டாமல் அந்த ஆண்டைச் சேர்த்திருப்பது தெரிந்தது. மற்ற மூன்று தளங்களும் அதற்குப் பிறகு வந்தவை. மறுநாள் காலையில் பள்ளி மண்டபச் சுவரைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அங்கே பதித்திருக்கும் கல்லில் 1937 என்று இருக்கிறது. அது கட்டடம் திறந்த ஆண்டு. அதற்கு முன்பு பள்ளி தோட்டத்து லயத்தின் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நடந்தது. ஆக, யாரும் பொய் சொல்லவில்லை. கட்டடத்தின் வயதைப் பள்ளியின் வயதாக ஒருவர் எழுதிவிட்டார், மற்றவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். சாட்சி நான்கு, பார்த்த கண் ஒன்று.

நம் மாணவர்கள் இடுபணிக்கு முதலில் போகும் இடம் இன்று விக்கிப்பீடியாதான். "அதை நம்பாதீங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். ஆனால் இப்படிப் பலர் கூடித் தொகுத்த நூல்களின் வரலாற்றைப் பார்த்தால், கேள்வியே வேறு என்று தோன்றுகிறது.

முதலில் ஜெர்மனியில் நடந்த ஒரு கதை. 2009 பிப்ரவரியில் கார்ல் தியோடோர் சூ குட்டன்பெர்க் என்ற இளம் அரசியல்வாதி பொருளாதார அமைச்சராகப் பொறுப்பேற்க இருந்தார். பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்குப் பத்து முதற்பெயர்கள். அறிவிப்புக்கு முந்தைய நாள் இரவு, பெயர் தெரியாத ஒருவர் ஜெர்மன் விக்கிப்பீடியாவில் அந்தப் பட்டியலின் நடுவே 'வில்ஹெல்ம்' என்று பதினொன்றாவதாக ஒரு பெயரைச் செருகி வைத்தார். யாராவது கண்டுபிடிக்கிறார்களா பார்ப்போம் என்ற விளையாட்டுதான். மறுநாள் பெரிய பெரிய நாளிதழ்களும் செய்தித்தளங்களும் அமைச்சரின் நீண்ட பெயரை வேடிக்கையாக வெளியிட்டன, வில்ஹெல்மையும் சேர்த்து. இதற்கிடையே விக்கிப்பீடியாவில் ஒரு தன்னார்வலருக்குச் சந்தேகம் வந்து, இந்தப் பெயருக்குச் சான்று எங்கே என்று கேட்டார். பதிலாக என்ன காட்டினார்கள் தெரியுமா? அன்று காலையில் வந்த ஒரு செய்தித்தளத்தின் கட்டுரையை! செய்தியாளர் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதினார். விக்கிப்பீடியா செய்தியாளரைச் சான்றாகக் காட்டியது. பெயரைச் செருகியவரே முன்வந்து உண்மையைச் சொன்ன பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

எங்கள் பள்ளியின் 1937க்கும் அந்த வில்ஹெல்முக்கும் நோய் ஒன்றுதான். ஒன்று அறியாமல் வந்தது, மற்றது வேண்டுமென்றே வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இணையம் வருவதற்கு முன்பு இது எப்படி இருந்தது? தமிழாசிரியர்களான நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நூலிலிருந்தே பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1913இல் வேலை தொடங்கி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பிறகு 1939இல் பின்னிணைப்பு. சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியார் முதல் பதிப்பாசிரியர். 1926இலிருந்து முடியும்வரை பொறுப்பேற்றவர் ச. வையாபுரிப் பிள்ளை. முதன்மைத் தொகுதிகளில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இந்தப் புள்ளிவிவரமெல்லாம் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது வேறு. அதில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பொருளைச் சொன்ன கையோடு அடைப்புக்குறிக்குள் ஒரு குறுக்கம் வரும். திவா. என்றால் திவாகரம், பிங். என்றால் பிங்கலந்தை, குறள் என்று போட்டுப் பக்கத்தில் பாட்டு எண். மாணவர்கள் அதைத் தாண்டிப் போவார்கள். பல நேரம் நாமும் அப்படித்தான். ஆனால் அந்த அகராதியின் உயிர் அந்த அடைப்புக்குறிக்குள்தான் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கு இந்தப் பொருள் என்று நான் சொல்வதால் நம்பாதே, இந்த நூலில் இந்த இடத்தில் இருக்கிறது, போய்ப் பார் என்று அது சொல்கிறது. வையாபுரிப் பிள்ளையின் காலக்கணிப்புகளை ஏற்காதவர்கள்கூட அந்த அகராதியை இன்றும் பயன்படுத்துவதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம். ஆசிரியரை நம்பாமலேயே நூலைச் சரிபார்க்க முடிகிறது.

இந்த முறையைப் பொதுமக்களைக் கொண்டே மிகப் பெரிய அளவில் செய்து காட்டியது ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதி. இலண்டனில் மொழியியல் கழகத்தார் 1857இல் யோசனையைத் தொடங்கினார்கள். வேலை இழுத்துக்கொண்டே போய், 1879இல் ஜேம்ஸ் மரே என்பவரின் தலையில் வந்து விழுந்தது. மரே பேராசிரியர் அல்ல. பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தி, பிறகு தானாகப் பல மொழிகள் கற்று, இலண்டனை அடுத்த மில் ஹில் என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம்ம ஆள்!

அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் ஓர் அறிக்கை அச்சிட்டு, ஆங்கிலம் படிக்கும் மக்கள் எல்லாரையும் உதவிக்கு அழைத்தார். புத்தகம் படியுங்கள், குறிப்பிடத்தக்க ஒரு சொல்லைக் கண்டால் ஒரு துண்டுத்தாளில் எழுதி அனுப்புங்கள். ஆனால் சொல்லை மட்டும் எழுதினால் போதாது. மூலையில் சொல், கீழே ஆண்டு, ஆசிரியர், நூலின் பெயர், பக்கம், பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுதாக. இவை இருந்தால்தான் அது சீட்டு. இல்லையென்றால் வெறும் அபிப்பிராயம்.

சீட்டுகள் வந்து குவிந்தன. மரே பொறுப்பேற்றபோது, அதற்கு முன்பு இருபது ஆண்டுகளாகச் சேர்ந்திருந்தவை மட்டும் ஏறக்குறைய இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி. இன்னொன்றில் உயிரோடு ஒரு சுண்டெலி, குடும்பத்தோடு. ஓர் எழுத்துக்கான சீட்டுகள் இத்தாலியில் அகப்பட்டன. அயர்லாந்தில் ஒரு பகுதிச் சீட்டுகளை அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தி விட்டார்கள். மரே தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தட்டறைகள் அமைத்து, அகர வரிசையில் பிரித்தார். அவருக்குப் பதினொரு பிள்ளைகள். சீட்டுகளை அடுக்கித்தான் அவர்கள் கைச்செலவுக்குக் காசு வாங்கினார்கள். அனுப்பியவர்களில் பாதிரியார்கள், ஆசிரியர்கள், வீட்டில் இருந்த பெண்கள் எனப் பலரும் உண்டு. மிகச் சிறந்த சீட்டுகளை அனுப்பிய ஒருவர், கொலைக் குற்றத்துக்குப் பிறகு மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டிருந்த வில்லியம் மைனர் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். அவர் யார், எப்படிப்பட்டவர் என்பது அகராதியைப் பாதிக்கவில்லை. ஏன்? அவர் சொன்ன பக்கத்தைத் திறந்தால் அவர் சொன்ன வாக்கியம் அங்கே இருந்தது. சீட்டுக்குத்தான் மதிப்பு, ஆளுக்கு அல்ல.

வேலை முடிந்தது 1928இல். மரே 1915இலேயே காலமாகிவிட்டார். நான்கு இலட்சத்துப் பதினான்காயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள், பதினெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள். இவ்வளவு கவனமாகச் செய்தும், அடிமைப்பெண் என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல் அடியோடு விடுபட்டுப் போனது. அதற்கான சீட்டுகள் எங்கோ இடம் மாறிவிட்டன. 1933இல் வந்த பின்னிணைப்பில்தான் அதற்கு இடம் கிடைத்தது.

சீட்டு தவறினால் சொல் காணாமல் போகும். சீட்டைத் தவறாகப் படித்தால்? இல்லாத சொல் பிறக்கும். 1934இல் வந்த வெப்ஸ்டர் அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'டோர்ட்' என்று ஒரு சொல் இருந்தது, அடர்த்தி என்ற பொருளோடு. அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் கிடையாது. 1931இல் வேதியியல் பகுதியின் பதிப்பாசிரியர் ஒரு சீட்டு எழுதினார்: அடர்த்தி என்பதைக் குறிக்கப் பெரிய எழுத்து 'டி' அல்லது சிறிய எழுத்து 'டி' பயன்படும் என்று. ஆங்கிலத்தில் அது 'டி ஆர் டி'. குறுக்கங்களின் கட்டில் சேர வேண்டிய சீட்டு, சொற்களின் கட்டில் சேர்ந்துவிட்டது. தட்டச்சில் எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. உச்சரிப்பு சேர்த்தார்கள், அச்சில் ஏறியது. சம்பளம் வாங்கும் அறிஞர்கள், படிப்படியான மேற்பார்வை, எல்லாம் இருந்தும் நடந்தது. 1939இல் ஒரு பதிப்பாசிரியர் இந்தச் சொல்லுக்கு மட்டும் சொற்பிறப்பு எதுவும் தரப்படவில்லையே என்று கவனித்தார். பழைய சீட்டைத் தேடி எடுத்தார்கள். குட்டு உடைந்தது. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, தவறு நடந்தது அல்ல. தேடி எடுக்க அந்தச் சீட்டு இருந்தது.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட முயற்சிகளுக்குக் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதானகோசம் 1902இல் வந்தது. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல், பாண்டித்துரைத் தேவரின் ஆதரவோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக வந்தது. சிங்காரவேலு முதலியாரும் சென்னைப் பச்சையப்பன் பள்ளியில் தமிழாசிரியர். ஒற்றை ஆள் உழைப்பு அது. நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. பிறகு பெரியசாமித் தூரனின் பொறுப்பில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அறிஞர் பலர் எழுதியது. நம் பழைய தமிழ்ப்பள்ளி நூலகங்கள் சிலவற்றில் அதன் சிவந்து போன தாள்கள் இன்னும் இருக்கும். அச்சு நூலில் ஒரு தவறு நேர்ந்தால் அடுத்த பதிப்புவரை அது அப்படியே நிற்கும். அடுத்த பதிப்பு வராமலே போவதும் உண்டு.

விக்கிப்பீடியாவின் பிறப்பு ஒரு தோல்வியிலிருந்து வந்தது. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் முதலில் 2000இல் நூப்பீடியா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அறிஞர்களே எழுத வேண்டும், ஏழு படிகள் தாண்டிய பிறகுதான் வெளியீடு. முதல் ஆண்டில் தேறியது 21 கட்டுரை! அதற்குத் துணையாக, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று 2001 ஜனவரி 15இல் தொடங்கிய விக்கிப்பீடியா, தாயை விழுங்கிவிட்டது. மரே சீட்டு வந்த பிறகு சரிபார்த்து அச்சிட்டார். இங்கே முதலில் அச்சு, பிறகு சரிபார்ப்பு. வரிசை தலைகீழ்.

அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 2005இல் ஜான் சைகந்தாலர் என்ற மூத்த அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர் மீது சந்தேகம் இருந்ததாக யாரோ எழுதி வைத்தார். அவர் ராபர்ட் கென்னடியோடு பணியாற்றியவர். சவ அடக்கத்தில் பெட்டியைச் சுமந்தவர்களில் ஒருவர். அந்தப் பொய் நான்கு மாதம் அப்படியே இருந்தது. அவர் நாளிதழில் அதைப் பற்றி எழுதிய பிறகுதான் பதிவு செய்யாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்ற விதியும், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சான்றின்றி எழுதக்கூடாது என்ற கண்டிப்பும் வந்தன. அதே மாதங்களில் நேச்சர் இதழ் அறிவியல் கட்டுரைகளை நிபுணர்களிடம் கொடுத்து ஒப்பிட்டது. 42 கட்டுரைகளில் விக்கிப்பீடியாவில் 162 குறைகள், பிரிட்டானிகாவில் 123. பெரிய தவறுகள் இரண்டிலும் ஆளுக்கு நான்கு. பிரிட்டானிகா கோபத்தோடு மறுத்தது, நேச்சர் பின்வாங்கவில்லை. இந்த எண்களை இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவார்கள். எனக்கு இதில் அதிக அக்கறை இல்லை. ஒன்று: அது ஆங்கிலத்துக்கு, அறிவியலுக்கு. நம் பிள்ளைகள் தேடுவது அதுவா?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையைப் பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள், அவர்களில் சிலர் திருத்துகிறார்கள். சின்ன மொழியில், சின்ன விஷயத்தில்? 2020இல் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளை எழுதியது, அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் என்பது வெளியே வந்தது. பன்னிரண்டு வயதில் ஆர்வத்தோடு தொடங்கியவர். கெட்ட எண்ணம் இல்லை. ஆங்கில வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டார். பல ஆண்டுகள் அது நீடித்ததற்குக் காரணம், உண்மையான ஸ்காட்ஸ் பேசுபவர்கள் வந்து பார்க்கவில்லை.

சீன விக்கிப்பீடியாவில் நடந்தது இன்னும் பயங்கரம். ஒரு பெண்மணி பத்தாண்டுகளாக, இடைக்கால ரஷ்ய வரலாறு பற்றி 200க்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கற்பனையாகவே எழுதியிருந்தார். போர்கள், இளவரசர்கள், காஷின் என்ற இடத்தில் ஒரு மாபெரும் வெள்ளிச் சுரங்கம். எல்லாவற்றுக்கும் ரஷ்ய நூல்கள், பக்க எண்கள் என்று சான்றுகள் அழகாக அடுக்கியிருந்தன. மற்ற தன்னார்வலர்கள் அவரைப் பாராட்டிப் பதக்கமும் தந்தார்கள். 2022இல் ஒரு நாவலாசிரியர் தன் கதைக்கு அந்தச் சுரங்கத்தைப் பயன்படுத்தலாமே என்று மேலும் தேடினார். சான்று என்று காட்டிய நூல்களில் அப்படி எதுவும் இல்லை. சீட்டு இருந்தது, ஆனால் பத்து வருடமாக யாரும் பக்கத்தைத் திறக்கவில்லை. கட்டுரையின் அடியில் எண்கள் வரிசையாக இருந்தால் அது நல்ல கட்டுரை என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதை நிலைநிறுத்தியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஆயிரக்கணக்கில் கட்டுரை எழுதினார். 2017இல் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தொட்டன. நடுவே ஒரு சோதனையும் வந்தது. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தி, கூலிக்கு ஆள் அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து குவித்தது. எண்ணிக்கை ஏறியது. வாக்கியங்கள் தமிழாக இல்லை, போட்டவர்கள் திரும்பி வந்து திருத்தவும் இல்லை. தமிழ்த் தன்னார்வலர்கள் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவில்லை. குறைகளைத் தொகுத்து, நிறுவனத்தோடு பேசி, 2010இல் போலந்தில் நடந்த விக்கிமேனியா மாநாட்டிலும் எடுத்து வைத்தார்கள். தமிழுக்கு அது பெருமைதான். ஆனால் அந்தச் சிலரின் கண்கள் எத்தனை பக்கத்துக்குப் போதும்? பேராக்கிலோ கெடாவிலோ ஒரு தோட்டப் பள்ளியின் ஆண்டு சரியா தவறா என்று சென்னையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் நாம்தான்.

ஜெர்மன் அமைச்சரை மறந்துவிடாதீர்கள். கதை அங்கே முடியவில்லை. 2011 பிப்ரவரியில், அப்போது தற்காப்பு அமைச்சராக உயர்ந்திருந்த அதே குட்டன்பெர்க்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து இருப்பதாக ஒரு சட்டப் பேராசிரியர் கண்டுபிடித்தார். அமைச்சர் மறுத்தார். அடுத்த நாளே தன்னார்வலர்கள் ஒரு விக்கித்தளம் தொடங்கினார்கள். இடது பக்கம் ஆய்வேட்டின் வரிகள், பக்க எண்ணோடு. வலது பக்கம் மூல நூலின் வரிகள், அதன் பக்க எண்ணோடு. ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்த்தார். பல்கலைக்கழகக் குழு செய்ய வேண்டிய வேலையை, பெரும்பாலும் பெயர் சொல்லாத ஆட்கள் சில நாள்களில் செய்து முடித்தார்கள். ஒரு வாரத்துக்குள் பேராய்த் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச் 1ஆம் தேதி அமைச்சர் பதவி விலகினார். கடைசிக் கணக்கில் 393 பக்கங்களில் 371 பக்கங்களில் பிறர் எழுத்து இருந்தது.

இரண்டு ஆண்டுக்கு முன்பு பெயர் தெரியாத ஒருவர் அவருக்கு இல்லாத பெயரைக் கொடுத்தார். இப்போது பெயர் தெரியாத பலர் அவருக்கு இல்லாத தகுதியை எடுத்துவிட்டார்கள். இரண்டிலும் விக்கிதான். முதலாவதில் எங்கே பார்த்தாய் என்ற கேள்வி தாமதமாக வந்தது. இரண்டாவதில் அந்தக் கேள்வியே வேலையாக இருந்தது.

எங்கள் பள்ளிக் கதைக்கு வருகிறேன். நான் கட்டுரையை நேரடியாகத் திருத்தவில்லை. சொந்தப் பள்ளியைப் பற்றி நாமே எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், பதிவேட்டின்படி 1931 என்று குறிப்பு எழுதினேன். இரண்டு நாளில் ஒரு தன்னார்வலர் பதில் போட்டார்: வெளியிடப்பட்ட சான்று இருக்கிறதா? உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. "பதிவேடே என் கையில இருக்கு, இதுக்கு மேல என்ன சான்று வேணும்?" என்று பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் பொரிந்து தள்ளினேன். ஆறவைத்து யோசித்தபோது புரிந்தது. என் அலமாரியில் இருப்பதை அவர் எப்படிப் பார்ப்பார்? நான் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. மரே கேட்டதும் இதைத்தான்.

அதனால் பள்ளி இதழில் அந்த மாணவரின் கட்டுரையைக் கொஞ்சம் விரிவாக்கினோம். பதிவேட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அச்சிட்டோம். பழைய மாணவர்களின் சொந்தத் தகவல்கள் வரும் பகுதியை மறைத்தோம். பக்கத்தில் கல்வெட்டின் படம். 1937 கட்டடம், 1931 முதல் சேர்க்கை என்று இரண்டையும் தனித்தனியாகச் சொன்னோம். 1931க்கு முன்பே வகுப்பு நடந்திருக்குமா என்பது பதிவேட்டில் இல்லாததால், தொடங்கிய ஆண்டு 1931 என்று எழுதாமல், 1931இல் நடந்துகொண்டிருந்தது என்று மட்டும் எழுதச் சொன்னேன். மாணவருக்கு அது பிடிக்கவில்லை. "அப்புறம் பள்ளிக்கு எத்தனை வயசு டீச்சர்?" என்றார். நியாயமான கேள்வி.

அதைத் தேடச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையவழி நாளிதழ்த் தொகுப்பை அவருக்குக் காட்டினேன். தமிழ் முரசின் பழைய இதழ்களும் அந்தக் கால மலாயா ஆங்கில நாளிதழ்களும் அதில் உள்ளன. தோட்டத்துச் செய்திகள் நிறைய வந்திருக்கின்றன. உங்கள் பள்ளிக்கும் தேடிப் பாருங்கள். தோட்டத்தின் பெயரை அந்தக் கால ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டால்தான் கிடைக்கும். இரண்டு மூன்று விதமாகப் போட வேண்டும். அப்படியே உங்கள் அலமாரியில் பதிவேடோ, வருகையாளர் புத்தகமோ, வெள்ளிவிழா மலரோ இருந்தால் கரையான் அரிக்கும் முன்பு படம் எடுத்து வையுங்கள். தோட்டம் விற்கப்பட்டு, பள்ளி இடம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்தத் தாள்கள்தான். மலர் அச்சிட்டால் ஒரு படியைத் தேசிய நூலகத்துக்கு அனுப்புங்கள். அங்கே எண் பெற்ற பிறகு அதை யாரும் கேட்டுப் பார்க்க முடியும்.

இதழ் வெளிவந்த பிறகு, அதே தன்னார்வலர் கட்டுரையைத் திருத்தி, இதழின் பெயரையும் பக்க எண்ணையும் அடியில் போட்டார். மற்ற மூன்று தளங்களில் இன்னும் 1937தான். மாணவர் அவற்றில் ஒன்றுக்கு மின்னஞ்சல் எழுதினார், பக்கத்தின் படத்தையும் இணைத்து. பதில் இன்னும் வரவில்லை.